அடுப்படி ஊற்று

என் அத்தை எதையும் முடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லாம் முடிந்துதான் இருக்கும். எப்போது முடித்தாள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

கடலை உடைக்கிற காலத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். விதைக் கடலையைக் கையால்தான் உடைக்க வேண்டும். தெருப் பெண்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி வேகத்தைப் பார்த்து இன்னொருத்தி வேகம் கூட்டுவாள். சாயங்காலத்துக்குள் பெருவிரல் வீங்கிப் போகும், மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள். அத்தையும் அவர்களுக்குச் சமமாகத்தான் உடைப்பாள். ஆனால் கை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மடியை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். அவள் இடத்தில் ஒரு பிடிக் கடலை உடைக்காமல் கிடக்கும்.

"ஏன்டி, இந்த ஒரு பிடிய ஒடச்சுப் போட்டுட்டுப் போனா கையா ஒடிஞ்சிரும்?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கை சிரிக்கிறப்பவே எந்திரிச்சிரணும்க்கா. அழுதுட்டு எந்திரிச்சா நாளைக்குக் கூப்பிட்டா வராது."

"ஆமா, இவ கைக்கு மட்டும் வாயும் மூஞ்சியும் தனியா இருக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரு நாள் தவறாமல் வந்து உட்கார்கிறவள் அத்தை ஒருத்திதான். கடைசி மூட்டையும் அவள் கையில்தான் தீரும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும் இதே லட்சணம். திருடன் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்ததும் "போங்க, போய்ப் படுங்க" என்று எழுந்துவிடுவாள். திருடன் மறுநாள் வரைக்கும் தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நிற்பான். பிள்ளைகள் விளக்கு வைப்பதற்கு முன்பே வந்து, "அத்தே, திருடன் கையி வலிக்கும்" என்று கெஞ்சுவார்கள்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அவள் புருஷன் பினாங்கில் கடை வைத்தார். கடை சரியாக ஓடவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பமும் வைத்தார். அது நன்றாக ஓடியது. அத்தை ஒரு தகரப் பெட்டியோடு திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். என் அம்மாவுக்கு வயலிலேயே பொழுது போய்விடும் என்பதால் அடுப்படி அத்தை பொறுப்பில் வந்தது. அவளை யாரும் குறைவாக நடத்தவில்லை. அவளும் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அது புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகிச் சில வருடங்கள் கழித்து. திருமயம் சந்தைக்குப் போன அத்தை பஸ்ஸில் ஒரு டீச்சரைப் பார்த்திருக்கிறாள். கையில் குடை. கண்டக்டர் அதட்டி, "டீச்சரம்மாவுக்கு எடம் விடுங்கய்யா" என்றிருக்கிறான். மூன்று ஆண்கள் எழுந்திருக்கிறார்கள். அத்தை வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்ததும் சொன்னாள்:

"அண்ணே, நான் டீச்சராகணும்."

அப்பா சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அத்தை. எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையைத் தனியாகப் படித்து எழுதி, அதில் தேறினால்தான் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துக் கடைசியில் சொன்னார்: "ஒரு வருசம் படி ஆத்தா. தேறலைன்னா அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

"சரிண்ணே" என்றாள் அத்தை. புதுக்கோட்டைக் காலேஜில் இண்டர்மீடியட் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் வாத்தியாராக நியமிக்கப்பட்டேன்.

இங்கே என் யோக்கியதையையும் சொல்ல வேண்டும். நான் படிப்பதைவிட டயம் டேபிள் போடுவதில் கெட்டிக்காரன். சிவப்பு மையும் நீல மையுமாகக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். விடியுமுன் எழுவது, கிணற்றடியில் பச்சைத் தண்ணீர், வெறும் வயிற்றில் ஆங்கில இலக்கணம். முதல் நாள் சாமியார் மாதிரி இருப்பேன். மூன்றாம் நாள் காய்ச்சல்காரன் மாதிரி இருப்பேன். அதற்குப் பிறகு அந்தச் சுவர்ப் பக்கமே திரும்ப மாட்டேன். பிறகு ஒரு நல்ல நாளில் புதிய டயம் டேபிள். "எங்க மருமகன் படிப்புக்குப் பஞ்சாங்கம் பாக்கிறவரு" என்பாள் அத்தை.

அவள் படித்த விதத்தைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. மத்தியானம் ஒரு உலை, சாயங்காலம் ஒரு உலை. பானையில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றியதும் மணையைப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பாள். தண்ணீர் கொதித்து மூடி தாளம் போட்டதும் மூடிவிடுவாள். அவ்வளவுதான் பாடம். எந்த வரியில் நிற்கிறாளோ அந்த வரியில் சமஸ்தானத்துச் செப்புக்காசான அம்மன் காசு ஒன்றை வைத்து மூடுவாள். சமஸ்தானம் போன பிறகு அந்தக் காசைக் கடையில் வாங்க மாட்டார்கள். "செல்லாட்டி என்ன? எடத்தைச் சொல்லும்ல" என்பாள்.

ஒருநாள் தொட்டிக் கணக்கு நடத்தினேன். ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் வடிக்கும், தொட்டி எப்போது நிறையும் என்கிற அந்தப் பைத்தியக்காரக் கணக்கு. பாதி போட்டிருந்தாள். மூடி தாளம் போட்டது.

"அத்தே, இன்னும் ரெண்டு வரிதான். முடிச்சிட்டு எந்திரிங்க."

"தொட்டி பாதி நெறஞ்சிருக்குல்ல? கெடக்கட்டும். பாதித் தொட்டிய விட்டுட்டு எங்கிட்டுப் போயிருவேன்? நாளைக்கு அதுவே கூப்பிடும்."

மறுநாள் காலை நான் கிணற்றடியில் தலையில் சீயக்காயோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அத்தை திடீரென்று கயிற்றை விட்டுவிட்டுக் கத்தினாள்: "மருமகனே! மத்தியானத்துக்குள்ள நெறஞ்சிரும்!"

"எதுடி நெறஞ்சிரும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தொட்டிக்கா."

"எந்தத் தொட்டி? நம்ம ஊருல ஏது தொட்டி?"

"கணக்குத் தொட்டி. கீழ ஓட்டை போட்டுட்டு மேல ஊத்துறாக."

"ஓட்டைய அடச்சிட்டு ஊத்துனா என்ன?"

"அடச்சிட்டா எனக்கு வேலை கெடைக்காதேக்கா."

விடை சரி. நான் கண்ணில் சீயக்காய் இறங்கியபடி ஒத்துக்கொண்டேன்.

அப்படியும் எனக்குப் பொறுமை இல்லை. பங்குனி பிறந்தது. சித்திரையில் பரீட்சை. சரித்திரத்தில் மூன்று பாடம் பாக்கி, பூகோளம் பாதி. அத்தையின் உலைக் கணக்கில் பாடங்கள் பரீட்சைக்குச் சரியாக முதல் நாள் முடியும். திருப்பிப் படிக்க நேரமே இராது. அடுப்படிச் சுவரில் அவளுக்கும் ஒரு டயம் டேபிள் ஒட்டினேன். அத்தை தள்ளி நின்று ரசித்தாள். "வெகு லெச்சணமா இருக்கு" என்றாள். மறுநாள் அதன் ஒரு மூலையில் பால் கணக்குக்குக் கரிக்கோடு விழுந்திருந்தது.

உலை கொதித்தால் புத்தகம் மூடுகிறாள். அப்படியானால் உலை சீக்கிரம் கொதிக்கக் கூடாது. இந்த யோசனை எனக்கு உதித்தபோது எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயரும் நேரம் பார்த்து, அடுப்படித் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த விறகின் மேல் ஒரு குடம் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் அடுப்பு புகைந்தது. அத்தை ஊதினாள். உலை கிடந்தது. அத்தை படித்தாள். மறுபடி ஊதினாள், மறுபடி படித்தாள்.

"என்னா மருமகனே, நானும் பாக்கிறேன், ஒலை அசோகர் காலத்துலயே நிக்கிது. சாலை ஓரமெல்லாம் மரமா நட்டாராம். நமக்கு ஒரு காஞ்ச வெறகு வச்சிட்டுப் போகலையே."

நான் சிரித்தேன். ஒரே நாளில் ஒன்றரைப் பாடம் ஓடியிருந்தது. மறுநாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாளும் ஊற்றினேன். வாழ்க்கையில் நான் தவறாமல் கடைப்பிடித்த ஒரே டயம் டேபிள் அதுதான்.

அப்பா பசி பொறுக்காதவர். "ஆத்தா, சோறு என்னாச்சு?"

"வெறகு அழுவுதுண்ணே."

அப்பா நேரே விறகுக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "ஈர வெறகப் போட்டு ஏமாத்துறியா?" என்று அவர் குரல் கொடுக்க, கடைக்காரர் ஒரு கட்டையை எடுத்து அப்பாவின் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். "நீங்களே சொல்லுங்க, ஈரமா? ஒங்க மூஞ்சிதாங்க வேர்த்து ஈரமா இருக்கு." கன்னம் சிராய்த்ததுதான் மிச்சம். அப்பா கடையை மாற்றினார். புதுக்கடை விறகும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நனைந்தது.

ஒருநாள் அப்பா குனிந்து விறகுக்குக் கீழே மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார். உருண்டை பிடித்தது. பங்குனி வெயிலில், கண்மாய் வெடித்துக் கிடக்கிற நாளில், கிணற்றில் வாளி தரையைச் சுரண்டுகிற காலத்தில், அடுப்படி மண் ஈரமாக இருக்கிறது. வானம் பார்த்து வெள்ளாமை செய்கிற எங்கள் பக்கத்துச் சம்சாரி இதற்கு ஓர் அர்த்தம்தான் கண்டுபிடிக்க முடியும். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். நான் பிறந்தபோதுகூட அப்படி மலர்ந்திருக்காது.

"ஏ ஆத்தா, ஊத்துடீ! நம்ம அடுப்படிக்குக் கீழ ஊத்து ஓடுது!"

நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். மாட்டுக் கொட்டகையில் தேங்காய் அசையவில்லை. முற்றத்தில் அசையவில்லை. விறகு அடுக்கின் பக்கம் வந்ததும் சடக்கென்று எழுந்து நின்றது. தெருவே கூடி ஆவென்றது. "நல்ல தண்ணி. கிழக்கேருந்து வருது. ஆள் ஒசரத்துல கெடக்கு" என்றார். நான் கூட்டத்தில் நின்றேன். உண்மையைச் சொல்ல அந்த நிமிஷம்தான் கடைசி நிமிஷம். ஆனால் தேங்காயே பொய் சொல்லும்போது நான் மட்டும் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

தாழ்வாரத்தை ஒட்டிக் குழி தோண்டினார்கள். ஆள் உயரம் போயிற்று, பாறை வந்தது. கடப்பாரை வளைந்தது. அப்பா தளரவில்லை. விறகைக் குழியின் மறுபக்கம் மாற்றி அடுக்கினார். விறகு நனைவது மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் பூகோளத்தில் இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருந்தது. "ஊத்து கூடவே நகருது" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

இந்தக் கூத்தில் அத்தையின் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. வாத்தியாரான நானும் பார்க்கவில்லை. இரண்டு உலைக்கும் புகைக்குள்ளேயே உட்கார்ந்து, ஊதி, கண்ணைத் துடைத்து, படித்து, மறுபடி ஊதி. முதலில் சிவந்தது. பிறகு நீர் வடிந்தது. பாடம் எல்லாம் முடிந்தது. திருப்பிப் படிக்கவும் நேரம் கிடைத்தது. பரீட்சைக்கு முதல் நாள் காலை இரண்டு கண்ணும் வீங்கி, இமை ஒட்டிக்கொண்டது. தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினார்கள். மறுநாள் அப்பா கையைப் பிடித்துத்தான் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். அந்தக் கண்டக்டர் அவளுக்கும் இடம் விடச் சொன்னானாம், கண் தெரியாதவள் என்று.

சாயங்காலம் திரும்பி வந்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

"எல்லாம் தெரிஞ்ச கேள்விதான் மருமகனே" என்றாள். "எழுத்துதான் நிக்கலை. மீன்குஞ்சு மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிருச்சு. கணக்குல தொட்டி வந்துச்சு. எத்தனை கொழாய்னு பாக்கிறதுக்குள்ள தண்ணி மறச்சிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அன்றோடு விறகை நனைப்பதை நிறுத்தினேன். விறகு காய்ந்தது. அடுப்பு எரிந்தது. அத்தையின் கண்ணும் மெல்லத் தெளிந்தது. "பாறையில கடப்பாரை பட்டதுல ஊத்து தடம் மாறிருச்சு" என்று அப்பா சாகும்வரை வருத்தப்பட்டார். குழியில் ஒரு எலுமிச்சங்கன்று வைத்தோம். அதற்கும் தண்ணீர் வெளியிலிருந்துதான் கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருந்தது.

பரீட்சை முடிவு வந்தது. எதிர்பார்த்ததுதான். அப்பா கொடுத்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அத்தை உலை வைத்தாள். மணையைப் போட்டாள். புத்தகத்தைத் திறந்து அம்மன் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "என்ன ஆத்தா இது?"

"ஒலை வச்சிருக்கேண்ணே."

"கையில என்ன?"

"ஒலை கொதிக்கிற வரைக்கும் கை சும்மாதானே இருக்கு."

"ஒரு வருசம்னுதானே பேச்சு?"

"படிக்கிறதுக்குத்தானேண்ணே ஒரு வருசம்? இது ஒலை வைக்கிறது. வேண்டாம்னா சொல்லுங்க, வைக்கலை."

அப்பா பானையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். அவருக்கு நல்ல பசி. "தீய நல்லாத் தள்ளிவிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானாக இருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு, சிவப்பு மை வாங்கப் போயிருப்பேன்.

அடுத்த வருஷம் தேறினாள். பயிற்சி முடித்து, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். பஸ்ஸில் அவளுக்கு இடம் விட்டார்கள். குடையும் வாங்கினாள்.

நான் வேலைக்குப் போய், பதவி உயர்வுப் பரீட்சைக்கு வெறிபிடித்துப் படித்து, ஆபீஸ் நாற்காலியிலிருந்து மயங்கி விழுந்தேன். டாக்டர் ஒரு மாதம் எந்தக் காகிதத்தையும் தொடாதே என்றார். போக்கிடம் யோசித்தபோது அத்தை வீடுதான் நினைவுக்கு வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், "இது எத்தனாவது டயம் டேபிள் மருமகனே?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் உலை வைத்துவிட்டு மணையில் உட்கார்ந்தாள், மறுநாள் பாடத்துக்கான புத்தகத்தோடு. காய்ந்த விறகு படபடவென்று எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்தது அன்று வாய்க்கு வந்துவிட்டது.

"அத்தே, அந்த ஊத்து..."

"நீ ஊத்துனதுதானே?" புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படித் தெரியும்?"

"மேல் வெறகு நனைஞ்சிருக்கும், நடு வெறகு காஞ்சு கெடக்கும். மேலேருந்து கீழ எறங்குற ஊத்த ஒங்க அப்பா ஒருத்தருதான் பாத்திருக்காரு."

"சொல்லியிருக்கலாமே அத்தே!"

"சொன்னா ஒன்னய அந்தக் குழியிலயே வச்சு மூடியிருப்பாரு."

"அப்ப நடுவுலேருந்து காஞ்சதை உருவி எரிச்சிருக்கலாம்ல?"

அத்தை இப்போதுதான் நிமிர்ந்தாள். "எரிச்சிருக்கலாம். மொத நாளு உருவத்தான் போனேன். ஒன்றரைப் பாடம் ஓடுச்சுல்ல, எனக்கும் ஆசை வந்துருச்சு. கண்ணு அழுவுதுன்னு தெரிஞ்சே உக்காந்திருந்தேன். கையிக்குப் பாத்தவ கண்ணுக்குப் பாக்கலை."

அது உண்மையா, என் சுமையில் பாதியைத் தான் வாங்கிக்கொள்ளச் சொன்னதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தப் பாதியை நான் கொடுக்க விரும்பவில்லை. எழுந்து அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"இல்லத்தே. தப்பு..."

மூடி தாளம் போட்டது.

அத்தை சட்டென்று எழுந்துவிட்டாள். களைந்த அரிசியை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் வைக்க வேண்டிய அம்மன் காசை என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்த எடத்துல வச்சுக்க. மிச்சத்த நாளைக்குச் சொல்லலாம்."

அந்த மாதம் முழுக்க அங்கே இருந்தேன். தினம் ஒரு உலை நேரம் படிக்கப் பழகினேன், தேறினேன். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் எடுக்கவில்லை. அவள் பாதியில் விட்டதெல்லாம் மறுநாள் அவளைக் கூப்பிட்டது. நான் பாதியில் விட்டதும் என்னைக் கூப்பிட்டது. நான்தான் காது கேளாதவன் போல் இருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அவள் வீட்டுக்குப் போனேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அத்தை போய் வெகு காலமாகிறது.

காசு என் மேஜையில்தான் இருக்கிறது. எழுத்து தேய்ந்துவிட்டது, ஆனால் இடத்தைச் சொல்கிறது. தப்பு என்னோடதுதான், அத்தே. முழுக்க.